கஞ்சா மருந்தாகுமா?

"செடியிலிருந்து கிடைப்பதுதானே, என்ன கெடுதல் செய்துவிடும்?" என்பார் சிலர். "கஞ்சாவா? அதில் ஏது மருந்து?" என்பார் வேறு சிலர். இரண்டுமே ஆராயாமல் சொல்லும் தீர்ப்பு என்பது என் கருத்து.

கஞ்சாச் செடியில் உள்ள பல வேதிப் பொருள்களுள் இரண்டு முக்கியமானவை. போதை தருவது டி.எச்.சி. இதை 1964-ல் இஸ்ரேல் விஞ்ஞானிகளான மெக்கூலமும் கவோனியும் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். மற்றொன்று கன்னபிடையால், இது போதை தருவதில்லை.

டிராவே என்பது குழந்தைப் பருவத்தில் தொடங்கும் கொடிய வலிப்பு நோய். வழக்கமான மருந்துகளுக்கு எளிதில் அடங்காது. இந்நோயுள்ள 120 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கன்னபிடையால் கரைசலையும், மற்றதற்கு அதேபோன்ற, ஆனால் மருந்தில்லாத கரைசலையும் 14 வாரம் கொடுத்தனர். யாருக்கு எது என்பது பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 2017-ல் முடிவு வெளியாயிற்று. மருந்து பெற்றவர்களின் மாத வலிப்புகளின் இடைநிலை அளவு 12.4-லிருந்து 5.9 ஆகக் குறைந்தது. மற்றவர்களுக்கு 14.9 என்பது 14.1 ஆயிற்று, அவ்வளவுதான். 2018-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இம்மருந்தை அனுமதித்தது.

அதே சோதனை இன்னொன்றையும் காட்டியது. மருந்து பெற்றவர்களிடம் தூக்கக் கலக்கம், பசியின்மை, வயிற்றுப்போக்கு ஆகியவை கூடுதலாகக் காணப்பட்டன. சிலருக்கு இரத்தத்தில் கல்லீரல் நொதிகளின் அளவு உயர்ந்தது. அதனால்தான் இதைக் கொடுக்கும் மருத்துவர்கள் அவ்வப்போது இரத்தத்தைச் சோதிக்கிறார்கள்.

டி.எச்.சி.யும் மருந்தாகியிருக்கிறது. புற்றுநோய் மருந்துகளால் வரும் வாந்தியை அடக்க, செயற்கையாகத் தயாரித்த டி.எச்.சி.யை 1985-ல் அமெரிக்கா அனுமதித்தது. ஆனால் தலைச்சுற்றல், மனக்குழப்பம், நெஞ்சுப் படபடப்பு ஆகியவையும் அதனால் வரலாம்.

இனி, புகைக்கும் கஞ்சாவை எண்ணிப் பாருங்கள். அதில் டி.எச்.சி. எவ்வளவு? யாரும் அளந்து தரவில்லை. புகை நுரையீரலையும் கெடுக்கிறது. உங்கள் வயதில் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இளம் வயதிலேயே தொடங்கித் தொடர்ந்து புகைப்போருக்கு மனநோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

கெட்ட பெயருக்கு அஞ்சி ஆராய்ச்சியைத் தடுத்திருந்தால், வலிப்பால் வாடும் குழந்தைகளுக்கு ஒரு மருந்து கிடைக்காமல் போயிருக்கும். 'மூலிகை' என்ற சொல்லுக்கு மயங்கிச் சோதிக்காமல் கொடுத்திருந்தால், கல்லீரலுக்கு வரும் கேட்டை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

மாணவ நண்பர்களே, இனி எவரேனும் கஞ்சாவை மருந்து என்றால் அவரிடம் கேளுங்கள்: எந்தப் பொருள்? எவ்வளவு? எந்த நோய்க்கு? யார் சோதித்தார்கள்?