பார்த்ததற்கும் கூலி கொடுக்க வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை காலை. செம்பூரில் ஒரு குமாஸ்தா, மாட்டுங்காவில் நடக்கும் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு புறப்பட்டு, தமது சின்னக் காரில் ஏறி உட்காருகிறார். சாவியைத் திருப்பினால் "டக், டக்" என்ற சத்தம்தான் வருகிறது. முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை.

முன்பெல்லாம் வாட்ச்மேனையும் அண்டை வீட்டாரையும் கூப்பிட்டு வண்டியைத் தள்ளச் சொல்வார்கள். இப்போது ஒரு போன் செய்தால் போதும். மோட்டார் சைக்கிளின் பின்னால் புதிய பாட்டரியைக் கட்டிக்கொண்டு ஓர் இளைஞர் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறார். சிறிது நேரத்தில் பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தி, பில்லையும் கொடுத்துவிட்டுப் போகிறார்.

இது நல்ல வசதி என்பதில் சந்தேகம் இல்லை. பத்துக் கிலோ எடையுள்ள பாட்டரியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் அலைய வேண்டியதில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருக்கிறது. பாட்டரி செத்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்பவரும் புதிய பாட்டரியை விற்பவரும் ஒரே ஆளாக இருக்கிறார். "வந்து பார்ப்பது இலவசம், பொருத்துவதும் இலவசம்" என்று விளம்பரம் செய்கிறார்கள். அப்படியானால் அந்த இளைஞருக்குக் காசு எங்கிருந்து வரும்? விற்பனையில் இருந்துதான் வர வேண்டும்.

பசியா, சாவா?

மும்பைத் தமிழர்களில் கார் வைத்திருப்பவர்கள்கூட வேலைக்குப் பெரும்பாலும் மின்சார ரெயிலில்தான் போகிறார்கள். கார் ஆறு நாள் கட்டடத்தின் கீழே சும்மா நிற்கிறது. ஆனால் பாட்டரிக்கு ஓய்வு இல்லை. கடிகாரம், திருட்டு அலாரம், வண்டியில் உள்ள கம்ப்யூட்டர் எல்லாம் சிறிது சிறிதாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கின்றன. கதவு சரியாகச் சாத்தப்படாமல் உள்விளக்கு எரிந்தால் ஓர் இரவே போதும்.

அப்படி இறங்கிப்போன பாட்டரி செத்த பாட்டரி அல்ல; பசித்த பாட்டரி. சார்ஜ் ஏற்றினால் எழுந்துவிடும். ஆனால் பல நாள் பசியோடு விட்டுவிட்டால் உள்ளே உள்ள ஈயத் தகடுகளில் உப்புப் படிந்து இறுகிவிடும். பிறகு அது உண்மையிலேயே செத்துப்போகும். வெயிலின் சூடும் அதன் ஆயுளைக் குறைக்கும்.

பசியா, சாவா என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தை அல்ல. நன்றாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் பாட்டரி, வண்டி ஓடாமல் நிற்கும்போது மீட்டரில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டும் அதற்குக் கீழும் என்றால் அநேகமாகக் காலி. காலி என்பதாலேயே அது கெட்டுவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. மீண்டும் சார்ஜ் ஏற்றி, சுமை கொடுத்துச் சோதித்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும். அன்றைய அவசரத்துக்கு வேறொரு பாட்டரியில் இருந்து ஒயர் கொடுத்து வண்டியைக் கிளப்பிக்கொள்ளலாம்.

சில சமயம் பாட்டரியில் குற்றமே இருக்காது. முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். அல்லது நட்டு தளர்ந்திருக்கும். ஒயரைக் கழற்றிச் சோடா உப்புக் கரைத்த வெந்நீரில் கழுவித் துடைத்து முடுக்கினால் வண்டி கிளம்பிவிடும். வேறு சில வண்டிகளில் ஆல்டர்னேட்டர் பழுதாகியிருக்கும். என்ஜின் ஓடும்போது பொதுவாக 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். அது வராவிட்டால், இன்று போட்ட புதிய பாட்டரியும் சில நாளில் படுத்துவிடும். நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய் வீணாகும். மாதச் சம்பளக்காரருக்கு அது சின்னத் தொகையா?

உண்மை சொன்னால் நஷ்டம்

இவற்றையெல்லாம் தெரிந்த இளைஞர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முனையைத் துடைத்து முடுக்கி, "இன்னும் ஒரு வருடம் ஓடும் சார், புதிது வேண்டாம்" என்று சொல்கிறார். குமாஸ்தாவுக்கு ஐயாயிரம் மிச்சம். அந்த இளைஞருக்கு மிஞ்சியது என்ன? சொந்தப் பெட்ரோல் செலவும் வீணான நேரமும்தான். உண்மை சொல்பவருக்கு நஷ்டம், சொல்லாதவருக்கு லாபம் என்றால், எத்தனை நாளைக்கு ஒருவர் உண்மை சொல்லிக்கொண்டிருப்பார்?

டாக்டருக்குப் பீஸ் கிடையாது, மாத்திரை விற்றால்தான் வருமானம் என்று இருந்தால் எல்லோருக்கும் மாத்திரைதான் கிடைக்கும். ஆகவே சோதிப்பதற்கென்று தனிக் கூலி வேண்டும். பாட்டரி விற்றாலும் விற்காவிட்டாலும் அது அந்தத் தொழிலாளிக்குச் சேர வேண்டும். கம்பெனிகள் இதை நிர்ணயிக்க வேண்டும். வண்டிக்காரர்களும் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். "ஒன்றும் வாங்கவில்லையே, எதற்குக் காசு?" என்று கேட்பவர், இலவசம் என்ற பெயரில் அதைவிடப் பல மடங்கு கொடுக்க நேரலாம்.

பழையது எங்கே போகிறது?

புதியதை வாங்கியே தீர வேண்டும் என்றாலும் இன்னொரு கணக்கு இருக்கிறது. பழைய பாட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதற்கு விலை உண்டு; அந்த விலை பில்லில் கழிக்கப்பட வேண்டும். ஐம்பது ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று பங்கார்வாலாவிடம் போடுவது தவறு. அங்கிருந்து அது ஏதோ ஒரு கொட்டகைக்குப் போய், கோடரியால் உடைக்கப்பட்டு, அமிலம் சாக்கடையில் கொட்டப்பட்டு, ஈயம் திறந்த அடுப்பில் உருக்கப்படலாம். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் அங்கே வேலை செய்யும் ஏழைகளும் பக்கத்துக் குடிசைக் குழந்தைகளும்தான். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே அதற்குக் கிடையாது.

அதனால்தான் 2000-ம் ஆண்டில் நாடு முழுவதும் பெட்ரோலில் ஈயம் ஒழிக்கப்பட்டது. 2001-ல் பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறுவதற்கு விதிகள் வந்தன. 2022-ல் வந்த புதிய விதிகள், அவற்றைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது சுமத்தியிருக்கின்றன. சட்டம் இருக்கிறது. அதற்கு உயிர் கொடுப்பது, பழையதை முறையாகத் திருப்பிக் கொடுக்கும் வண்டிக்காரரின் கையில் இருக்கிறது.

எனவே பாட்டரிக்காரர் வந்ததும் முதலில் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். புதிய பாட்டரி பொருத்திய பின், என்ஜின் ஓடும்போது மறுபடியும் பார்க்க வேண்டும். பில்லில் பாட்டரியின் எண், தேதி, பழையதற்குக் கழித்த தொகை ஆகியவை இருக்க வேண்டும். உத்தரவாதச் சீட்டில், எத்தனை மாதம் முழு மாற்று, எத்தனை மாதம் விகிதாசாரம் என்பதைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

வருகிற இளைஞர் திருநெல்வேலிக்காரராக இருக்கலாம், உத்தரப்பிரதேசத்துக்காரராக இருக்கலாம். ஊரை விட்டு வந்து உழைப்பவர்தான். அவர் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள், உண்மைக்கும் ஒரு கூலி கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும்.