பால் இல்லாத நாளில் பான்கேக்

சாம்பல் புதனுக்கு முந்திய செவ்வாயன்று இங்கிலாந்து நாட்டு இல்லங்களில் பான்கேக் சுடுவது பழைய வழக்கம். முற்காலத்தில் அங்கே தவக்காலம் முழுவதும் இறைச்சியோடு முட்டை, பால், வெண்ணெய் ஆகியவையும் விலக்கப்பட்டிருந்தன. வீட்டில் எஞ்சியவற்றை வீணாக்காது தீர்ப்பதற்கு இப்பலகாரம் கைகொடுத்தது. தவக்காலம் தொடங்கியபின் செல்வர் வீட்டு அடுப்பங்கரைகளில் வாதுமைப் பருப்பை அரைத்துப் பிழிந்த பாலே பசும்பாலுக்கு ஈடாக நின்றது. பாலுக்கு மாற்றுத் தேடுவது இன்று முளைத்த நாகரிகம் அன்று.

மாற்றைத் தேடுமுன், பால் அந்த மாவில் என்ன பணி செய்கிறது என்று அறிதல் நலம். மாவைக் கரைப்பது மட்டுமன்று. அதன் கொழுப்பு மென்மையைத் தருகிறது. அதிலுள்ள சர்க்கரையும் புரதமும் சூட்டில் பொன்னிறம் தருகின்றன. வெறுந்தண்ணீரில் கரைத்தவை வெளிறி, ரப்பரைப் போல் இழுபடுவது இதனாலேயே. 125 கிராம் மைதாவுக்கு ஒரு முட்டையும் 300 மில்லிலிட்டர் பாலும் வழக்கமான அளவு. பால் இல்லையேல், தண்ணீரைச் சற்றுக் குறைத்து ஊற்றி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் சேர்த்தால் குறை பெரிதும் நீங்கும்.

தேங்காய்ப்பால் நமக்கு எளிதிற் கிடைப்பது. ஆனால் முதற்பால் வேண்டா. கொழுப்பு மிகுந்து, திருப்பும்போது பான்கேக் கிழியும். இரண்டாம் பாலே ஏற்றது. புளித்த மோரில் கரைப்போர் கால் தேக்கரண்டி சமையற்சோடா சேர்த்து உடனே சுட வேண்டும். காத்திருந்தால் பொங்கிய காற்று வெளியேறிவிடும்.

மோர் என்றதும் நாம் செய்த பிழையொன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பால் ஒத்துக்கொள்ளாத அடுத்த வீட்டுக் குழந்தைக்கு, பால் சேர்க்கவில்லை என்ற துணிவில் மோரில் கரைத்த பான்கேக் கொடுத்தோம். சற்று நேரத்தில் உதடு தடித்தது. கழுத்தெங்கும் சிவந்த தடிப்புகள். அதன் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடியதை நாம் இன்னும் மறக்கவில்லை.

பாலிலுள்ள சர்க்கரை செரிக்காமல் வயிறு உப்புவோர் பலர்; அவர்களுள் பெரும்பாலோர் தயிரும் மோரும் ஓரளவு உண்ணலாம். பாலின் புரதமே பகையாகும் குழந்தைகளின் நிலை வேறு. அவர்களுக்குத் தயிர், மோர், வெண்ணெய், பால்பொடி எல்லாம் பாலே. ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் மாற்றாகா. நெய்யிலும் அப்புரதம் சிறிது ஒட்டியிருக்கக்கூடும். சோயா பால் நன்கு சிவந்து வேகும். எனினும் இக்குழந்தைகளுள் சிலருக்கு அதுவும் ஒவ்வாது. ஆதலின் தாயைக் கேட்டறியாமல் எதையும் கொடுத்தல் ஆகாது. முட்டையைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடுவது நன்று. உண்டபின் மூச்சுத் திணறினால் கைவைத்தியம் பார்த்து நிற்காது மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

இரு வாரங்கள் கழித்து அக்குழந்தை மீண்டும் நம் வீட்டிற்கு வந்தது. இம்முறை தாயைக் கேட்டுக்கொண்டு, கல்லையும் கரண்டியையும் தேய்த்துக் கழுவி, தேங்காயின் இரண்டாம் பாலில் மாவைக் கரைத்து, தேங்காய் எண்ணெயில் சுட்டுக் கொடுத்தோம். மூன்றைத் தின்றது, நான்காவதைத் தம்பிக்கென்று கையில் சுருட்டி எடுத்துச் சென்றது.