வீட்டு மருந்தும் மருந்துதான்

தக்காளிச் செடியில் ஓர் இலை சுருண்டால் போதும், அக்கம்பக்கத்தில் எல்லோரும் வைத்தியர்களாகிவிடுகிறார்கள். வேப்பெண்ணெய் அடியுங்கள் என்கிறார் ஒருவர். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை அரைத்துக் கரைத்துத் தெளிக்கச் சொல்கிறார் இன்னொருவர். பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரே போதும் என்று ஒரு கட்சி. புகையிலையை ஊறவைத்து அடித்தால் ஒரு பூச்சி மிஞ்சாது என்று இன்னொரு கட்சி. செடியில் இருப்பது என்ன பூச்சி, அல்லது பூச்சிதானா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் எல்லோருடைய ஆலோசனையும் ஒரே இடத்தில் வந்து முடிகிறது: "இயற்கைதானே, கெடுதல் ஒன்றும் வராது. வாரம் ஒரு தடவை அடித்துக்கொண்டே இருங்கள்."

மாடித்தோட்ட வகுப்புகளில் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். நாற்று வாங்கப் போனால் கடைக்காரர் இதைத்தான் சொல்லி அனுப்புகிறார். இந்த நம்பிக்கை தவறானது. அடுப்படியில் தயாரானது என்பதற்காக ஒரு மருந்து மருந்தாக இல்லாமல் போய்விடாது. அளவு, நேரம், எதற்காக அடிக்கிறோம் என்ற தெளிவு, இவை மூன்றும் இல்லாமல் தெளிக்கப்படும் எந்தக் கரைசலும் செடிக்கும், செடியைக் காக்கும் உயிர்களுக்கும், சில சமயம் தெளிப்பவருக்குமே கேடு.

முதலில் புகையிலையை எடுத்துக்கொள்வோம். அதன் வீரியம் நிகோடின். பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்லும் அதே நிகோடின் மனித நரம்பிலும் வேலை செய்யும். தோல் வழியாகவே உடம்பில் ஏறும். ஈரமான புகையிலை இலைகளைப் பறிக்கும் தொழிலாளர்களுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவது மருத்துவ நூல்களில் தனி நோயாகவே பதிவாகியிருக்கிறது. நிகோடின் சல்பேட்டை நம் நாட்டில் பூச்சிமருந்தாகப் பயன்படுத்த அரசே தடை விதித்திருக்கிறது. இமிடாகுளோபிரிட் என்ற கடை மருந்தின் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பூச்சியின் நரம்பில் நிகோடின் போய் ஒட்டும் அதே இடத்தில்தான் அந்த மருந்தும் ஒட்டுகிறது. தடை செய்யப்பட்ட ஒரு நஞ்சை, வீரியம் என்னவென்றே தெரியாமல், பழைய தண்ணீர் பாட்டிலில் ஊறவைத்து, நாளை மறுநாள் பறித்து ரசம் வைக்கப்போகும் பழத்தின்மேல் அடிப்பதற்கு "இயற்கை வழி" என்று பெயர் சூட்டியிருக்கிறோம். போதாக்குறைக்கு, புகையிலையும் தக்காளியும் ஒரே குடும்பத்துச் செடிகள். புகையிலை மொசைக் வைரஸ் உலர்ந்த இலையில் பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். காய்ச்சாமல் வெறுமனே ஊறவைத்த நீரோடு அது தக்காளிக்குத் தொற்றவும் வழி இருக்கிறது.

ஊமத்தையும் எருக்கும் சேர்த்த இலைக் கரைசல்களும் இப்படித்தான். ஊமத்தையின் நஞ்சு உள்ளே போனால் புத்தி பேதலிக்கும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வை மங்கும். மேல்நாட்டு இயற்கைத் தோட்டக்காரர்களும் இந்தப் பாடத்தைப் படித்தவர்கள்தாம். டெர்ரிஸ் போன்ற கொடிகளின் வேரிலிருந்து எடுக்கும் ரோட்டினோன் என்ற தூளை, வேர்தானே என்று பல பத்தாண்டுகள் காய்கறிகள்மேல் தூவினார்கள். 2000-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளின் உடலில் அதைத் தொடர்ந்து செலுத்தியபோது பார்க்கின்சன் நோயின் கூறுகள் தோன்றின. பிறகு பல நாடுகள் அதைக் கைவிட்டன. தாவரத்திலிருந்து வந்தது என்பது ஒரு பொருளின் பிறப்பைத்தான் சொல்லும். அதன் குணத்தை அந்தப் பிறப்பை வைத்துச் சொல்ல முடியாது.

சரி, புகையிலை வேண்டாம், வேப்பெண்ணெயும் சோப்பும் மட்டும் அடிக்கிறோம் என்பவர்களுக்கு என் கேள்வி வேறு: எதற்கு அடிக்கிறீர்கள்?

இலை மேல்நோக்கிச் சுருண்டு, சிறுத்து, வெளிறி, செடி குட்டையாகி நின்றுவிட்டால் பெரும்பாலும் அது இலைச்சுருட்டை வைரஸ். வெள்ளை ஈ ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குக் கொண்டுவந்து விடுவது. செடிக்குள் புகுந்த வைரஸை வெளியேற்ற எந்த எண்ணெயாலும் முடியாது, எந்தக் கரைசலாலும் முடியாது. அந்தச் செடியை வைத்துக்கொண்டு வாராவாரம் தெளிப்பவர், அது பக்கத்துச் செடிகளுக்கு நோய் பரப்ப வாரக்கணக்கில் அவகாசம் தருகிறார்.

காயின் அடிப்பக்கம் கறுத்து, தோல்போல அமுங்கியிருந்தால் அங்கே பூச்சியே கிடையாது. வளரும் காயின் நுனிவரை சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வரும் அழுகல் அது. ஒரு நாள் செடி வைத்த பை காய்ந்து கிடப்பதும் மறுநாள் தண்ணீர் வழிந்தோடுவதுமாக இருந்தால் அதுதான் நடக்கும். சித்திரை வெயிலில் பூக்கள் காம்போடு உதிர்வதும் பூச்சியின் வேலையாக இருக்க வேண்டியதில்லை. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் புழுக்கம் இறங்காவிட்டால் தக்காளியில் பிஞ்சு பிடிக்காது. இவற்றுக்கெல்லாம் பூண்டுக் கரைசல் தெளிப்பது, என்ன நோய் என்று பார்க்காமல் வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை விழுங்குவதற்குச் சமம்.

உண்மையிலேயே புழு இருந்தாலும் மருந்து அதை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். காய்ப்புழு தலையைக் காய்க்குள் நுழைத்துக்கொண்டு தின்கிறது. இலையின்மேல் படியும் எந்தத் தெளிப்பும் உள்ளே குடைந்துகொண்டிருப்பதைத் தொடாது. 2014-இல் மகாராஷ்டிரத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, பிறகு தெற்கே பரவிய ஊசிப்புழுவும் இலையின் இரு தோல்களுக்கு நடுவிலும் காய்க்குள்ளும் ஒளிந்துதான் வாழ்கிறது.

தெளிப்பு எட்டாதது இவற்றை. எட்டுவது எவற்றை என்று தெரிய வேண்டுமானால், அசுவினி அப்பிய ஒரு தக்காளி இலையைத் திருப்பி, சிறிய லென்ஸ் ஒன்றை வைத்துப் பாருங்கள். பச்சை அசுவினிகளுக்கு நடுவே சில மட்டும் உப்பி, பழுப்பு நிறத்தில், காகிதம்போல் உலர்ந்து, அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். சிலவற்றின் பின்பக்கத்தில் ஊசியால் குத்தியதுபோல் வட்டமான துளை தெரியும். கொசுவைவிடச் சிறிய ஒரு குளவி, உயிரோடிருந்த அசுவினிக்குள் முட்டை வைத்தது. உள்ளே பொரித்த புழு அதைக் குடைந்து தின்று, குளவியாகி, அந்தத் துளை வழியே வெளியேறிவிட்டது. துளை விழாத கூடுகளுக்குள் அடுத்த குளவிகள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அதே இலையில் கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டுகளோடு நீளமான ஒரு புழு ஓடலாம். பார்த்தவுடன் நசுக்கத் தோன்றும். ஆனால் அது பொறிவண்டின் புழு. வளர்ந்து முடிவதற்குள் நூற்றுக்கணக்கில் அசுவினிகளைத் தின்னக்கூடியது. கத்தரி, தக்காளி இலைகளைச் சுரண்டித் தின்னும் 28 புள்ளி வண்டு வேறு. அதன் முதுகில் பளபளப்பு இருக்காது. அதன் புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைத்த முட்களோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியும் இந்த வித்தியாசம் சோப்புத் தண்ணீருக்குத் தெரியாது. மெல்லிய தோலுள்ள எதன்மேல் பட்டாலும் அது ஒன்றுபோலவே வேலை செய்யும்.

தெளித்த பிறகு என்ன நடக்கிறது? அசுவினிப் பெண்ணுக்கு ஆண் துணையே தேவையில்லை. நேராகக் குட்டி போடும். அந்தக் குட்டிகள் ஒரு வாரம், பத்து நாளில் தாங்களும் குட்டி போடத் தொடங்கும். குளவிக்கும் பொறிவண்டுக்கும் அந்த வேகம் கிடையாது. இரு தரப்பும் சமமாகச் செத்தாலும் முதலில் தலையெடுப்பது அசுவினிதான். "போன வாரம்தான் அடித்தேன், அதற்குள் மறுபடி வந்துவிட்டதே" என்ற புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் போன வாரம் அடித்ததுதான்.

பூவுக்கு வருபவர்களையும் கணக்கில் சேருங்கள். தக்காளிப் பூவில் மகரந்தம் மூடிய பைகளுக்குள் இருக்கிறது, அதிர்ந்தால்தான் உதிரும். காற்று ஓரளவு செய்யும் அந்த வேலையை நீலப்பட்டைத் தேனீயும் தச்சுத் தேனீயும் திருத்தமாகச் செய்கின்றன. பூவைக் கவ்விப் பிடித்து, மார்புத் தசையை அதிரவைத்து, ரீங்காரத்தோடு மகரந்தத்தை உதிர்க்கின்றன. அவை வரும் காலை நேரத்தில்தான் பலரும் தெளிப்பானோடு மாடி ஏறுகிறார்கள்.

தெளிக்காமல் இருப்பதன் பலனைத் தமிழ்நாடு பெரிய அளவில் கண்ணால் பார்த்திருக்கிறது. 2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி அது. அதன் எதிரிகள் அங்கேயே தங்கிவிட்டன. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒவ்வொரு பயிராக வெள்ளைப் பஞ்சு அப்பியதுபோல் மூடியது. மேலே மெழுகுப் பூச்சு இருந்ததால் அடித்த மருந்தெல்லாம் வழிந்து ஓடியது. மல்பெரியில் அடித்தால் அதைத் தின்னும் பட்டுப்புழு சாகும் என்பதால் பட்டு வளர்ப்போர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். 2010-இல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் உதவியோடு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூருக்கு வந்தன. அவற்றில் அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற சிறு குளவியைக் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. குளவி விட்ட தோட்டத்தில் மருந்து அடிக்கக் கூடாது என்பது அதோடு சேர்த்துச் சொல்லப்பட்ட அறிவுரை. ஓரிரு ஆண்டுகளில் மாவுப்பூச்சி அடங்கியது. ஒரு மாநிலத்தின் பயிர்களைக் காப்பாற்றிய அந்த இனத்தின் உறவுகள்தாம் நம் தக்காளி இலையின் அடியிலும் வேலை செய்கின்றன. அவற்றைத்தான் நாம் வாரம் தவறாமல் நனைத்துக் கொல்கிறோம்.

"அப்படியானால் கடையில் விற்கும் விஷத்தை வாங்கி அடிக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை. வீட்டுத் தோட்டத்தில் அந்த டப்பாக்களுக்கு இடமே கிடையாது. ரசாயனத்துக்குப் பயந்துதான் மக்கள் வீட்டில் தக்காளி வைக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் வாரம் ஒரு தெளிப்பு என்ற அட்டவணை ரசாயன விவசாயத்தின் பழக்கம். டப்பாவை மட்டும் மாற்றிவிட்டு அதே பழக்கத்தைத் தொடர்வதை இயற்கை வழி என்று ஒப்புக்கொள்ள முடியாது. பாட்டி காலத்தில் சாம்பல் தூவினார்களே என்றால், அவர்கள் பூச்சியைப் பார்த்த பிறகு, பார்த்த இடத்தில் தூவினார்கள்.

வேம்பு பயனற்றது என்றும் நான் சொல்லவில்லை. வேப்பங்கொட்டைப் பருப்பை லிட்டருக்கு 50 கிராம் என்ற அளவில் இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிப்பது சோதித்துப் பார்க்கப்பட்ட முறை. அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியை உடனே கொல்லாது. தின்ன விடாமலும் தோலுரிக்க விடாமலும் செய்யும். வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். இவ்வளவு தெரிந்து, பூச்சி பெருகும்போது மட்டும் அடிப்பவரிடம் எனக்குச் சண்டை இல்லை. கண்ணளவில் எண்ணெயை ஊற்றி, பாத்திர சோப்பைக் கலந்து, உச்சி வெயிலில் அடித்து, இலை கருகியதும் அதையும் நோய் என்று நினைத்து மறுபடி அடிப்பவரிடம்தான் சண்டை.

தெளிக்காமல் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. வீட்டுத் தோட்டத்தில் பத்துச் செடியோ இருபது செடியோதான். ஒவ்வோர் இலையையும் திருப்பிப் பார்க்கும் வசதி எந்தப் பெரிய விவசாயிக்கும் இல்லாதது. அசுவினியையும் செம்பேனையும் தண்ணீரைப் பீய்ச்சியே பெருமளவு கழுவிவிடலாம். நாற்றுப் பருவத்தில் நெருக்கமான வலைக்குள் வளர்த்தால் வெள்ளை ஈ அண்டாது. பிறகு மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிடலாம். வைரஸ் வந்த செடியின்மேல் பையைக் கவிழ்த்து, ஈக்கள் பறந்துவிடாதபடி வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். காய்ப்புழுவை அதன் எச்சத்தை வைத்தே கண்டுபிடித்துக் கையால் எடுக்கலாம். துளை விழுந்த காயைப் பறித்து அழித்துவிட வேண்டும்.

செண்டுமல்லி வைப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது காய்ப்புழுவை விரட்டுவதற்காக வைக்கும் செடி இல்லை. தாய் அந்துப்பூச்சியைத் தன் பக்கம் இழுத்து, தன்மேல் முட்டையிட வைக்கும் பொறிப்பயிர். பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி என்று பரிந்துரைப்பது அதற்காகத்தான். அதன் மொட்டுகளைத் தினமும் பார்த்துப் புழுவைப் பொறுக்காவிட்டால், காவலுக்கு வைத்த செடியே புழு வளர்க்கும் இடமாகிவிடும்.

இவை எல்லாமே கண்ணால் பார்ப்பதில் தொடங்குகின்றன. ஆகவே மாடித்தோட்டம் சொல்லித் தருபவர்களிடமும் நாற்று விற்பவர்களிடமும் என் கோரிக்கை இது: கரைசல் செய்முறையை முதல் பாடமாக வைக்காதீர்கள். ஓர் இலையைத் திருப்பிப் பார்க்கவும், அசுவினியையும் அதைத் தின்னும் புழுவையும் பிரித்தறியவும் முதலில் கற்றுக்கொடுங்கள். வாரம் ஒரு தெளிப்பு என்ற வரியை உங்கள் துண்டறிக்கைகளிலிருந்து எடுத்துவிடுங்கள். செடி வளர்ப்பவர்களும் இன்ன பூச்சி என்று பெயர் சொல்ல முடியாதவரை தெளிப்பானைக் கையில் எடுக்க வேண்டாம். இரண்டு காய் சொத்தையானால் போகட்டும். நஞ்சில்லாத தக்காளி வேண்டும் என்றுதான் இந்த வேலையில் இறங்கினோம். அந்த விருப்பத்துக்கு உண்மையாக இருக்க வேண்டுமானால், நம் கையால் காய்ச்சிய நஞ்சையும் நஞ்சு என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.