கண்ணாடி அறையும் கழனியும்

பெண்ணை எம்.ஏ. படிக்க வைப்பதற்காகக் கழனியை விற்கலாமா என்று கேட்டால், "தாராளமாக விற்கலாம், கல்விக்குத்தானே!" என்று சொல்ல நம்மில் நூறு பேர் தயாராக இருக்கிறோம். அந்த நூறு பேரில் கழனி உள்ளவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். நான் அந்தக் கூட்டத்தில் சேருவதாக இல்லை. அதிலும், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் செய்தி சொல்லக் கற்றுத் தரும் படிப்புக்காக என்றால், "விற்காதீர்கள், ஐயா!" என்று உரக்கவே சொல்வேன்.

அடி அண்ணாமலையில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். திருவண்ணாமலையை வலம் வரும் 14 கிலோமீட்டர் பாதையில், மலைக்குப் பின்புறம் இருக்கும் கிராமம் அது. தகப்பனாருக்கு ஓர் ஏக்கர் கழனி. மழை நன்றாக இருந்தால் நெல், இல்லாவிட்டால் மணிலா. தாயாருக்கு இரண்டு வளையல். மகளுக்குப் பி.ஏ. பட்டமும் கணீரென்ற குரலும். அவள் தொலைக்காட்சி நிருபராக வேண்டும் என்கிறாள். மிகவும் நல்ல ஆசை. ஆனால் அந்த ஆசையின் வாசனை எப்படித்தான் எட்டுமோ, வழவழப்பான விளம்பரப் புத்தகம் ஒன்று வீட்டுக்கு வந்து விடுகிறது. அதில் கண்ணாடி அறை, பச்சைத் திரை, கண்ணைப் பறிக்கும் விளக்குகள். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கட்டணம், சில லட்சங்கள்! தகப்பனார் பெருமூச்சு விட்டுச் சொல்கிறார்: "இவ்வளவு வாங்குகிறானே, சரக்கு இல்லாமலா வாங்குவான்?"

இந்த ஒரு வாக்கியத்தினால் கெட்ட குடும்பங்கள் கொஞ்சமல்ல. கத்தரிக்காய் வாங்கும்போது முற்றலா பிஞ்சா என்று கிள்ளிப் பார்க்கிற நாம், கல்வியை வாங்கும்போது மட்டும் விலைச் சீட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக் கொள்கிறோம். கிழக்கே 217 அடி ராஜ கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, வலம் வரும் வழியில் அடி அண்ணாமலையார் கோயிலுக்குள் நுழையாமலே போகிறவர்கள் எத்தனையோ பேர். உள்ளே இருப்பவர் அதே அண்ணாமலையார்தான் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

தமிழில் ஒலிபரப்பை வளர்த்தவர்கள் யார் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். 1924-ல் கிருஷ்ணசாமி செட்டியார் சென்னையில் ரேடியோ கிளப் தொடங்கினார். 1938-ல் சென்னை வானொலி நிலையம் வந்தது. யாழ்ப்பாணத்து ஈழகேசரியில் ஆசிரியராக இருந்த சோ. சிவபாதசுந்தரம் லண்டனுக்குப் போய், பி.பி.சி.யின் தமிழ் நிகழ்ச்சிக்குத் 'தமிழோசை' என்று பெயர் சூட்டினார். 'ஒலிபரப்புக் கலை' என்று அந்தத் தொழிலுக்கு இலக்கணமே எழுதினார். டில்லியிலிருந்து பூர்ணம் விஸ்வநாதனும், பின்னாளில் சரோஜ் நாராயணஸ்வாமியும் செய்தி வாசித்தபோது, தமிழ்நாட்டு டீக்கடைகள் காதைத் தீட்டிக் கொண்டு கேட்டன. அவர்கள் தொழிலுக்கு வந்த காலத்தில் ஒலிபரப்பு இதழியலுக்கு எம்.ஏ. பட்டம் என்று தமிழ்நாட்டில் ஒன்று கிடையவே கிடையாது. மொழி இருந்தது, காது இருந்தது, உழைப்பு இருந்தது.

"அது அந்தக் காலம், இப்போது பட்டம் இல்லாமல் வாசலில்கூட நிற்க விடமாட்டார்களே!" என்பீர்கள். ஒப்புக் கொள்கிறேன். ஆசிரியப் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு எழுதுவதற்கு முதுகலைப் பட்டம் வேண்டும். ஆகையால் பட்டத்தை வாங்குங்கள். ஆனால் மலிவாக வாங்குங்கள். அடி அண்ணாமலையிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மத்திய சர்க்காரின் பல்கலைக்கழகம். மின்னணு ஊடகத்துக்கென்று ஒரு துறையும், 'புதுவை வாணி' என்ற சமுதாய வானொலியும் அங்கே உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பிக்கத் தொடங்கியது 1947-ல். திருநெல்வேலியில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்கு இந்திரா காந்தி திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. உண்டு. இங்கெல்லாம் வருஷக் கட்டணத்தை ஆயிரங்களில் எண்ணி விடலாம். ஓராண்டு டிப்ளமா போதும் என்றால், 2025-ல் தமிழ்நாடு அரசு சென்னையில் தொடங்கிய இதழியல் நிறுவனத்தையும் விசாரிக்கலாம்.

எங்கே போனாலும் நாலு கேள்வி கேளுங்கள். கல்லூரிக்குச் சொந்த வானொலி உண்டா? அதில் பேசுவது மாணவர்களா, இசைத் தட்டா? பாடம் சொல்கிறவர் ஒரு நாளாவது செய்தி அறையில் வேலை பார்த்தவரா? தமிழில் செய்தி எழுதத் தமிழிலேயே சொல்லித் தருகிறார்களா? போன வருஷம் படித்து முடித்தவர்கள் இன்று எங்கே என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள்? கடைசிக் கேள்வியைக் காரியாலயத்தில் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளைகளையே தேடிப் பிடித்துக் கேளுங்கள். விடுதிச் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் கட்டணத்தோடு கூட்டிப் பார்ப்பதற்கு மறக்க வேண்டாம்.

வானொலியில் செய்தி சொல்லத்தான் ஆசை என்றால், இன்னொன்றையும் தெரிந்து கொள்ள வேண்டும். 2001-ல் தனியார் எப்.எம். வந்தது முதல் இருபது வருஷங்களுக்கு மேலாக, அந்த நிலையங்கள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பச் சட்டம் இடம் தரவில்லை. மணிக்குப் பத்து நிமிஷம் அனுமதிக்கலாம் என்று ஒழுங்குமுறை ஆணையம் பரிந்துரை செய்ததே 2023-ல்தான். விளம்பரப் புத்தகத்தில் மைக்கின் படம் இருக்கும். இந்தச் சங்கதி இருக்காது.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. 2024 டிசம்பர் 1-ம் தேதி, பெருமழையில் திருவண்ணாமலை மலைச்சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஐவர் குழந்தைகள். காமிராக்கள் வந்து அழுகையைப் படம் பிடித்தன. ஆனால் சரிவில் வீடுகள் எப்படி வந்தன, யார் பார்த்துக் கொண்டு சும்மா இருந்தார்கள் என்று வருஷக் கணக்கில் விடாமல் கேட்கத் தகுதியுள்ளவர் யார்? அந்த மலையின் மறுபக்கத்தில் பிறந்து, எந்த ஓடை எந்த மழையில் புரளும் என்று அறிந்த பெண்தான்.

அவள் தலையில் லட்சக்கணக்கில் கடன் இருந்தால் கேட்பாளா? "அந்தச் செய்தி வேண்டாம், அம்மா" என்று முதலாளி சொன்னால், "வேண்டும், ஐயா" என்று சொல்ல அவளுக்கு வாய் வருமா? மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும். அப்பா விற்ற கழனி கண் முன்னே நிற்கும். வாயை மூடிக் கொள்வாள். பேசுவதற்காகக் கற்ற கல்வி பேசாமலிருக்கக் கற்றுக் கொடுத்துவிடும்! இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. கல்லூரிப் பட்டம் பெறாத புலிட்சர் எழுதி வைத்த சொத்தைக் கொண்டு 1912-ல் நியூயார்க்கில் தொடங்கிய கொலம்பியா இதழியல் பள்ளியில், இன்று முதுகலை படிக்கச் சாப்பாடு, ஜாகை எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஆகிறது. அந்த ஊர் நிருபர்களையும் கடன் வாட்டுகிறது.

ஆகவே மலிவான கல்லூரியில் சேருவதை ஏழைமையின் அடையாளம் என்று யாரும் கூச வேண்டியதில்லை. நிருபருக்கு அது தொழில் தர்மம். கண்ணாடி அறை எந்த நிலையத்திலும் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அதன் விசைகள் பழகிவிடும். பயமில்லாமல் கேட்கிற நாக்கை எந்த நிலையமும் கொடுப்பதில்லை. அதை வீட்டிலிருந்துதான் கொண்டு போக வேண்டும். பின்னால் கழனி இருக்கிறது, கடன் இல்லை என்ற தெம்பு அந்த நாக்குக்கு வேண்டும். அதை விற்றுவிட்டு மைக்கை வாங்காதீர்கள்.