மெஷின் அப்புறம், கடை முதல்ல!

அமெரிக்காவுல புல்வெளி வெட்ட 'ஜீரோ டர்ன்'னு ஒரு வண்டி உண்டு. ஸ்டியரிங் கிடையாது, ரெண்டு நெம்புகோல்தான். பின்சக்கரம் ரெண்டும் தனித்தனியா ஓடும், நின்ன இடத்துலயே திரும்பும். எங்க கூனிமேடு பக்கத்துக் கொல்லைகள்ல அதுக்கு வேலை இல்லை :-) ஆனா அதை வாங்கறவருக்கு வர்ற அதே கேள்விதான் இங்க களையெடுக்கற பவர் வீடர் வாங்கறவருக்கும். எந்த மாடல், எந்தக் கடை?

என் கட்சி இதுதான்: உப்புக்காத்து அடிக்கற ஊர்ல முதல்ல கடையைப் பாருங்க, அப்புறம் மாடலைப் பாருங்க.

ஏன்னு கேட்டா, மல்லாட்டையை எடுத்துக்குங்க. விதைச்ச 45 நாளுக்குள்ள ரெண்டாம் களை எடுத்து, மண் அணைச்சு முடிச்சிடணும். அதுக்கப்புறம் விழுது மண்ணுல இறங்கிடும், கிளறினா காய் போச்சு. நடுவுல ஒரு கேபிள் அறுந்து, "பார்ட்ஸ் சென்னையிலேருந்து வரணும் சார்"னு பத்து நாள் இழுத்தடிச்சா, அந்த நாள் திரும்பி வருமா?

மாடலுக்கு ஒரே ஒரு யோசனை. மல்லாட்டை வரிசைக்கு வரிசை ஒரு அடிதான், அதாவது 30 செ.மீ. கத்தி சுத்தற அகலம் அதைவிடக் கம்மியா இருக்கணும். பெரிய வீடர் சவுக்குக்கும் தென்னைக்கும் சரி, இங்க செடியையே வாரிட்டுப் போயிடும். கடைக்கு டேப்போட போங்க.

"மானியம் இருக்கே?" இருக்கு. வேளாண்மைப் பொறியியல் துறையில விண்ணப்பிக்கலாம், 2018-ல வந்த உழவன் செயலியிலயும் பதியலாம். ஆனா மானியம் வாங்கற அன்னிக்குத்தான். ரிப்பேர் நம்ம காசு.

இந்தக் காத்துல போல்ட், கேபிள், சைலன்சர் எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் வேற ஈரத்தை இழுக்கும். போகம் முடிஞ்சதும் டேங்கைக் காலி பண்ணி, கார்புரேட்டர் வத்தற வரைக்கும் ஓட்டி நிறுத்தணும். இதை நீங்க கேக்காமலே சொல்றவர்தான் நல்ல கடைக்காரர்.

பணத்தை எடுக்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க:

1. கிளட்ச் கேபிள், ஸ்டார்ட்டர் கயிறு, கத்தி இப்பவே அலமாரியில இருக்கா? எடுத்துக் காட்டச் சொல்லுங்க.

2. மெக்கானிக் கடையிலயே இருக்காரா, இல்ல ஃபோன் பண்ணிக் கூப்பிடணுமா?

3. சிமெண்ட் தரையில இல்லாம நம்ம கொல்லையில ஓட்டிக் காட்டுவாங்களா?

மூணுக்கும் சரியான பதில் வந்தா, மரக்காணமோ திண்டிவனமோ புதுச்சேரியோ, விலை கொஞ்சம் கூட இருந்தாலும் அங்கயே வாங்குங்க. ஆன்லைன்ல மிச்சம் பிடிச்ச காசு, களை மண்டின ஒரே போகத்துல காணாமப் போயிடும்.

உங்க ஊர்ல எப்படி மக்களே?