‘என்ன மாடல்?’ என்பதற்கு அடுத்த கேள்வி

உங்கள் கைபேசியில் பெயர்கள் எப்படிப் பதிவாகியிருக்கின்றன என்று ஒருமுறை பாருங்கள். ‘பிளம்பர் முருகன்’, ‘கேஸ் தம்பி’, ‘பால்காரம்மா’ என்று இருக்கும். பழைய பைக் பிரியர்களின் கைபேசியைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. ‘ரோட்கிங் கறுப்பு’, ‘74 மாடல் ஈரோடு’, ‘ஜாவா மெரூன் டேங்க்’. ஆளுக்குப் பெயரே கிடையாது. வண்டிதான் பெயர்!

கொங்குப் பக்கம் இப்படி ஒரு ஜாவா - யெஸ்டி குழு இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஆரம்பித்தது. காலேஜ் பையன், ஜவுளி வியாபாரி, பள்ளி ஆசிரியை, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி என்று எல்லாத் தரப்பும் உண்டு. காலை ஆறு மணிக்கே ‘குட்மார்னிங்’ படங்களுக்குப் பதிலாக கார்புரேட்டர் படங்கள் வந்து விழும்.

‘ஒரு வண்டிக்காக இப்படியா?’ என்று வீட்டில் இருப்பவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

ஜாவா, செக்கோஸ்லோவாகியாவில் பிறந்த வண்டி. 1929-ல் பிராகா நகரில் யானெச்செக் என்பவர், வாண்டரர் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் பைக் தயாரிப்பை வாங்கினார். இரண்டு பெயர்களின் முதல் எழுத்துகளையும் சேர்த்து ‘ஜாவா’ என்று வைத்தார். 1960-களின் தொடக்கத்தில் அது மைசூருக்கு வந்தது. 1970-களில் ‘யெஸ்டி’ என்று பெயர் மாறியது. 1996-ல் மைசூர் தொழிற்சாலை மூடப்பட்டது. 2018-ல் ஜாவாவும் 2022-ல் யெஸ்டியும் மறுபடி வந்தன. ஆனால், புதியவை ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள். பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு அவற்றின் பாகங்கள் உதவாது.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. புது பைக் வைத்திருப்பவருக்குப் பிரச்னை என்றால் சர்வீஸ் சென்டருக்குப் போவார். டோக்கன் வாங்குவார், பில் கட்டுவார், வந்துவிடுவார். பழைய யெஸ்டி வைத்திருப்பவருக்குப் போக சென்டர் இல்லை. அவர் ஒரு மனிதரிடம்தான் போயாக வேண்டும். ‘அண்ணே, கிளட்ச் பிளேட் எங்க கிடைக்கும்?’ என்று கேட்டாக வேண்டும். கடையில் கிடைக்காத பொருள்தான் இவர்களை ஒருவர் வாசலில் இன்னொருவரைக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

வண்டியும் லேசுப்பட்டதல்ல. கியர் லீவரும் கிக்கரும் ஒன்றேதான். லீவரை உள்ளே அழுத்தி மேலே தூக்கினால் கிக்கர், இறக்கிவிட்டால் கியர். முதன்முறை ஓட்டுபவர் நடு ரோட்டில் திகைத்து நிற்பார். யாராவது பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அந்தக் குழுவில் அப்படிச் சொல்லிக் கொடுப்பவர், 60 வயதைத் தாண்டிய ஒரு ‘74 மாடல்’ அண்ணன். மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ராத்திரி பதினோரு மணிக்கு வண்டி நின்றுபோனது என்று யாராவது செய்தி போட்டால், அவரிடமிருந்து உடனே குரல் பதிவு வரும். “பதறாதீங்க கண்ணு. பிளக்கைக் கழட்டுங்க. ஈரமா இருக்கா? தொடைச்சுட்டு, பாயின்ட்டைப் பாருங்க.” எத்தனையோ பேர் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

ஒருநாள் அந்தக் குரல் நின்றுவிட்டது.

முதல் வாரம் யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது வாரம், ‘அண்ணனைக் காணோமே’ என்று ஒருவர் கேட்டார். போன் செய்தால் சுவிட்ச் ஆஃப். மூன்றாவது வாரம்தான் எல்லோருக்கும் உறைத்தது. அவர் வண்டியின் இன்ஜின் நம்பர்கூட சிலருக்குத் தெரியும். வீடு எந்தத் தெருவில் என்று ஒருவருக்கும் தெரியாது. மனைவி இருக்கிறாரா, பிள்ளைகள் எங்கே, எதுவும் தெரியாது. இரண்டு வருடப் பழக்கம்!

கடைசியில் உதவியது ஒரு போட்டோ. பொங்கலுக்கு அவர் அனுப்பிய படத்தில், வண்டிக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டியும் ரேஷன் கடையும் தெரிந்தன. அந்தக் காலேஜ் பையன் பவானி பக்கம் போய், தொட்டியை அடையாளம் வைத்து விசாரித்துவிட்டான். “யெஸ்டிக்காரர் வீடா? அதோ, ரெண்டாவது சந்து.”

அண்ணன் கட்டிலில் இருந்தார். பக்கவாதம். வலது கை, கால் வரவில்லை, பேச்சும் குழறல். உயிருக்கு ஆபத்தில்லை, பிசியோதெரபி நடக்கிறது என்றார் மனைவி. வண்டி கொட்டகையில் தூசு படிந்து நின்றது. ‘இனி யார் ஓட்டப் போறா?’ என்று மகன் பழைய இரும்புக்காரரிடம் விலை பேசிவைத்திருந்தார்.

மகனைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு அது இடத்தை அடைக்கும் இரும்பு. அப்பா இத்தனை நாளும் போனில் வெட்டிப்பேச்சு பேசுவதாகத்தான் வீட்டில் நினைத்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சந்துக்குள் ஏழெட்டு வண்டிகள் வந்தன. யாரும் வண்டியை விலைக்குக் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு வேலை செய்தார்கள். ஒருவர் டேங்க்கைக் கழுவினார், ஒருவர் கார்புரேட்டரைத் திறந்தார். ஆசிரியை, அண்ணனின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, “நடு ராத்திரி பெருந்துறை ரோட்ல வண்டி நின்னப்போ, உங்க வீட்டுக்காரர் முக்கா மணி நேரம் போன்லயே இருந்தாருங்க” என்றார். அந்த அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “இத்தனை பேருக்கு இவரைத் தெரியுமாங்க?” என்றார்.

நாலாவது உதையில் வண்டி கிளம்பியது. கட்டிலில் சாய்ந்திருந்த அண்ணன் இடது கையைத் தூக்கி ஏதோ சொன்னார். பையன் காதை அருகில் கொண்டுபோய்க் கேட்டுச் சிரித்தான். “ஐடிலிங் ஜாஸ்தியா இருக்காம். குறைக்கச் சொல்றாரு.”

வண்டி இரும்புக்கடைக்குப் போகவில்லை. மகன் இப்போது அந்தக் குழுவில் இருக்கிறார்.

இதில் மகிழ்ச்சி மட்டும்தான் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தண்ணீர்த் தொட்டி படத்தில் விழாமல் போயிருந்தால்? ஒரே ஆர்வம் நம்மைச் சீக்கிரம் நெருங்க வைக்கிறது. ‘என்ன மாடல்? மைலேஜ் எவ்வளவு?’ என்று பேச்சு ஓடும். அந்த ஓட்டத்திலேயே, எதிரில் இருப்பவரைத் தெரிந்துகொண்டுவிட்டதாக நினைத்துவிடுகிறோம். அடுத்த கேள்வியைக் கேட்பதே இல்லை. ‘வீட்ல யார் யார் இருக்காங்க?’ என்பது நம் ஊரில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடக் கேட்கும் கேள்விதானே?

பைக் குழு என்றில்லை, எந்தக் குழுவில் இருப்பவர்களும் சில விஷயங்களைச் செய்யலாம்.

முகவரியைப் பொதுவில் போட வேண்டாம். ஆனால், நேரில் சந்தித்து நம்பிக்கை வந்த ஓரிருவரிடம் வீட்டு எண் ஒன்றைக் கொடுத்து வையுங்கள். வீட்டாரிடமும் அவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். முடிந்தால் ஒருமுறை சாப்பாட்டுக்கு அழையுங்கள்.

முதல் சந்திப்பு பொது இடத்தில், பகல் நேரத்தில் இருக்கட்டும். ஜூலை இரண்டாவது ஞாயிறு ஜாவா - யெஸ்டி தினமாகக் கொண்டாடப்படுகிறது. அப்படிப் பலரும் கூடும் நாள் நல்ல வாய்ப்பு. முகம் பார்க்காதவருக்கு, ‘அபூர்வ ஸ்பேர் பார்ட்’ என்ற பேச்சை நம்பி முன்பணம் அனுப்பாதீர்கள்.

ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை, சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். உரிமையாளர் காலமானால் 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, 3 மாதங்களுக்குள் படிவம் 31-ல் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அப்பாவின் நினைவாக வண்டியைத் துடைத்து வைக்கும் பல வீடுகளில், காகிதத்தில் இன்னும் அப்பாதான் உரிமையாளர். போலீஸ் நிறுத்தும்போதோ, விபத்து நடக்கும்போதோதான் அதன் வலி தெரியும்.

இப்போது அந்தக் குழுவில் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. புதிதாகச் சேருபவரிடம் முதலில் பெயரையும் ஊரையும் கேட்கிறார்கள். மாடல் அதற்குப் பிறகுதான்.

உங்கள் கைபேசியில் வண்டி பெயரிலோ ஊர் பெயரிலோ ஒருவர் இருப்பார் இல்லையா? இன்று அவருக்கு ஒரு போன் போடுங்கள். வண்டியைப் பற்றிப் பேசாமல், “வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்று கேளுங்கள்.