பிள்ளை வரையட்டும், திருத்தாதீர்கள்!

உங்கள் குழந்தையின் டிராயிங் நோட்டைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். இரண்டு மலை, நடுவே சூரியன், கீழே ஓர் ஆறு, கரையில் தென்னை. விருதுநகர், சாத்தூர், சிவகாசி, எந்த ஊர்ப் பிள்ளையானாலும் இதே படம்தான். இந்தக் கந்தக பூமியில் அப்படியொரு ஆற்றை அது எங்கே பார்த்தது? மிஸ் போர்டில் போட்டார், பார்த்துப் போட்டது. பரிசும் வாங்கியிருக்கும்!

அது நிஜமாகப் பார்ப்பது வேறு. மத்தியானம் தூரத்தில் 'டமார்' என்று கேட்டால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். எந்த ஆலை, நம்ம ஆட்கள் யார் அங்கே என்று அம்மா முகம் வெளுப்பதைப் பிள்ளை பார்க்கிறது. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்தில் சுமார் 40 பேர் மாண்டார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். பெரியவர்கள் மாதக்கணக்கில் பேசினோம். பிள்ளைகளிடம்? "சின்னப்புள்ளைக்கு என்ன தெரியும்" என்று விட்டுவிட்டோம்.

அடக்கக் கூடாத வேகங்கள் 14 என்கிறது சித்த மருத்துவம். தும்மல், கொட்டாவி, பசி, தூக்கம் இவற்றோடு கண்ணீரும் அதில் ஒன்று. நாமோ "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்கிறோம். அடங்கிய அழுகை படுக்கையை நனைக்கும், காரணம் பிடிபடாத வயிற்றுவலியாக வரும், தங்கச்சியை அடிக்கும். லேகியம் கேட்டு வருகிறார்கள். முதலில் ஒரு கட்டு வெள்ளைத்தாள் வாங்கிக் கொடுங்கள் என்பது என் கட்சி.

கண்ணில் பட்டதை அல்லாமல் மனசு பட்ட பாட்டை வரைவதற்கு மேல்நாட்டில் எக்ஸ்பிரஷனிசம் என்று பெயர். அதற்கு முன்னோடி, நார்வேக்காரர் எட்வர்ட் மூங்க் 1893-ல் வரைந்த 'அலறல்'. வானம் ரத்தச் சிவப்பு. பாலத்தில் ஓர் உருவம் வாயைப் பிளந்து, காதைப் பொத்தி நிற்கும். அதை நம்ம ஊர்ப் பிள்ளைக்குக் காட்டுங்கள். விளக்கமே வேண்டாம், புரிந்துகொள்ளும். தொல்காப்பியர் சொன்ன எட்டு மெய்ப்பாடுகளில் அழுகை, அச்சம், வெகுளி எல்லாம் உண்டே!

நாஜிகளின் தெரேசின் முகாமில் அடைபட்ட குழந்தைகளுக்கு ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர் படம் வரையச் சொல்லிக் கொடுத்தார். அவரும் அங்கே கைதிதான். 1944-ல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அந்தப் பிள்ளைகள் வரைந்த 4,000-க்கும் மேற்பட்ட படங்கள் இன்றும் இருக்கின்றன. பட்டினி கிடந்த இடத்திலேயே அது முடிந்திருக்கிறது, நமக்கென்ன?

செலவும் இல்லை. சிவகாசியில் பிரஸ்ஸுக்கா பஞ்சம்? ஒரு பக்கம் அச்சாகி வீணான தாள் போதும். மஞ்சள், செம்மண், அடுப்புக்கரி, இவற்றைக் கஞ்சியில் குழைத்தால் வர்ணம். ஆனால் பட்டாசுக்கான மருந்துப் பொடி ஒரு சிட்டிகைகூட வீட்டுக்குள் வரக்கூடாது. பேரியமும் அலுமினியத் தூளும் விளையாட்டுச் சாமான் அல்ல.

"இன்னிக்கு உன் கோவம் என்ன கலரு?" என்று கேட்டுவிட்டுத் தள்ளி உட்காருங்கள். வரைந்து முடித்ததும் "இதப் பத்திச் சொல்லு ராசா" என்றால் போதும். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். நாலு பேரிடம் காட்டி மானத்தை வாங்காதீர்கள். கறுப்பை அப்பினால் மனநோய் என்று நீங்களே முடிவு கட்டவும் வேண்டாம். அன்றைக்குக் கரிதான் கைக்கு எட்டியிருக்கும்.

ஆனால் ஒரு விபத்துக்குப் பிறகு ஒரு மாதம் ஆகியும் பிள்ளை தூக்கத்தில் அலறினாலோ, சின்னச் சத்தத்துக்கும் நடுங்கினாலோ, பள்ளிக்கூடம் போக மறுத்தாலோ, தாமதிக்காமல் அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அது வரைந்த தாள்களையும் கையோடு கொண்டு போங்கள்.